காலையில் ஸ்டார்ட் ஆகாத பள்ளி வேன்: ரிங்லெட்டில் ஒரு குளோ பிளக் நிகழ்வு ஆய்வு

இந்த வேனைப் பற்றி எழுதலாமா என்று வேன்காரரிடம் கேட்டேன். "எழுதுங்க தம்பி, பேரு மட்டும் போடாதீங்க" என்றார். அதனால் இதில் யார் பெயரும் இல்லை, வண்டியைச் செய்த கம்பெனியின் பெயரும் இல்லை. நான் மலேசியாவின் கேமரன் மலையில் உள்ள ரிங்லெட்டில் சின்னப் பட்டறை வைத்திருக்கும் போர்மேன், அதாவது வண்டி மெக்கானிக். நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன், இடையில் நான் செய்த தவறையும் சேர்த்து. கேமரன் மலையில் பழைய டீசல் வண்டி வைத்திருக்கிற ஒருவருக்காவது இதனால் ஒரு பேட்டரி காசு மிச்சமானால் போதும்.

பின்னணி

வண்டி 1990களில் வந்த டீசல் வேன். 4 சிலிண்டர், 2.5 லிட்டர், டர்போ கிடையாது. டீசல் நேராகப் பிஸ்டன் தலைமேல் பாயாமல், சிலிண்டர் ஹெட்டுக்குள் இருக்கும் ஒரு சின்ன அறைக்குள் பாய்ந்து அங்கே பற்றிக்கொண்டு வெளியே வரும் பழைய வகை இன்ஜின். இந்த அறையை முன்னறை என்று வைத்துக்கொள்வோம், பின்னால் இதைப் பற்றி நிறையப் பேச வேண்டியிருக்கிறது. குளிர்ந்த இன்ஜின் எழ இந்த அறையைக் கரண்டில் சூடாக்கும் சின்னக் குச்சிதான் தலைப்பில் சொன்ன குளோ பிளக், சிலிண்டருக்கு ஒன்று.

வேன்காரர் ரிங்லெட்டுக்கு உள்ளே இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், ஐம்பதைத் தாண்டியவர். தோட்டத்து லயங்களிலிருந்து (தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து) பிள்ளைகளை ஏற்றிப் பட்டணத்துத் தமிழ்ப்பள்ளியில் விடுகிற வேலையை 2024 செப்டம்பரில் இன்னொருவரிடமிருந்து ஏற்றுக்கொண்டார். மொத்தம் 12 பிள்ளைகள். அதில் ஏழு பேருக்கு வேறு வழியே கிடையாது, அப்பா அம்மா விடியும் முன்னே பெரட்டுக்கு (தோட்டத்தில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடத்துக்கு) போய்விடுவார்கள், வேன் வரவில்லை என்றால் அன்றைக்கு அந்தப் பிள்ளைக்குப் பள்ளி இல்லை. அதனால்தான் இந்த வேலையை நான் சாதாரண ரிப்பேராக நினைக்கவில்லை.

வேனை தெலுக் இந்தான் பக்கம் வாங்கினார். அங்கே செம்பனைத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்த குத்தகைக்காரர் ஒருவருடையது. பார்க்கப் போனது மத்தியானம், நல்ல வெயில், சாவியைத் திருப்பியதும் இன்ஜின் பிடித்தது. வரும் வழியில் தாப்பாவில் சாப்பிட நிறுத்திவிட்டு எடுத்தபோதும் உடனே பிடித்தது. விற்றவர் ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது, ஏன் தெரிந்திருக்காது என்பதுதான் இந்தக் கதையின் முக்கால்வாசி.

முதலில் தெரிந்த அறிகுறிகள்

செப்டம்பரில் காலையில் மட்டும் ஸ்டார்ட்டர் கொஞ்ச நேரம் கூடச் சுற்ற வேண்டியிருந்தது, அவ்வளவுதான். பழைய வண்டி அப்படித்தான் என்று விட்டுவிட்டார். அக்டோபர் கடைசியில் மழை பிடித்தது. காலை ஐந்தரைக்கு எடுக்கப் போனால் மூன்று முறை, நான்கு முறை சுற்ற வேண்டும், ஒரு சிலிண்டர் மட்டும் பிடித்து வண்டி நொண்டி அடிக்கும், பின்னால் வெள்ளைப் புகை லயத்து வாசல் முழுக்கப் பரவி கண்ணெரியும். இரண்டு மூன்று நிமிஷம் அப்படியே உதறிவிட்டுப் பிறகு நான்கு சிலிண்டரும் சேர்ந்துகொள்ளும். அதற்கப்புறம் நாள் முழுக்க ஒரு குறையும் கிடையாது. பள்ளி விட்டு மத்தியானம் எடுக்கும்போது தொட்டதும் பிடிக்கும்.

நவம்பரில் சில காலைகளில் பிடிக்கவே இல்லை. எட்டு மணிக்கு வெயில் பட்டபிறகுதான் உயிர் வந்தது.

வேன்காரரின் மனைவி சமையலறை நாள்காட்டியில் வேன் ஓடாத நாளுக்கெல்லாம் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். பெற்றோரிடம் மாதக் காசு வாங்கும்போது அந்த நாளைக் கழிக்க வேண்டும், அதற்காக. நேர்மையான மனுஷி. அந்தக் கோடுகளைப் பார்த்துவிட்டு அவரே சொன்ன ஒரு வார்த்தைதான் பிறகு எனக்கு வழி காட்டியது: "மழ பேஞ்சிக்கிட்டே இருக்குற ராத்திரிக்கு மறுநாள் எப்படியோ புடிச்சிடுது. மழ விட்டு நட்சத்திரம் தெரியிற ராத்திரிக்கு மறுநாள்தான் மோசம்." மேகம் மூடிய இரவில் தரையின் சூடு முழுக்க மேலே போய்விடாது, வானம் தெளிந்த இரவில் போய்விடும், அந்தக் காலைதான் அதிகக் குளிர். ஆக வண்டிக்கு வந்த நோய் ஈரத்தால் வந்ததில்லை, குளிரால் வந்தது என்று அந்த நாள்காட்டியே சொல்லிவிட்டது. ஆனால் டிசம்பர் வரை அதை யாரும் அவரிடம் கேட்கவில்லை.

என்னிடம் வருவதற்கு முன் எடுத்த முடிவுகள்

முதலில் பேட்டரி மாற்றினார்கள், 320 வெள்ளி (ரிங்கிட்). காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் எல்லார் வாயிலும் முதலில் வருவது பேட்டரிதான், அதில் தப்பில்லை. ஒரு வாரம் கொஞ்சம் நன்றாகவும் இருந்தது, அதுதான் வினையாகப் போனது. புது பேட்டரி இன்ஜினை வேகமாகச் சுற்றும், வேகமாகச் சுற்றினால் உள்ளே அழுத்திய காற்றின் சூடு சுவர் வழியாக வெளியேற நேரம் குறைவு, அதனால் கொஞ்சம் கூடுதல் சூடு நிற்கும். நோய் அப்படியே இருக்க, பேட்டரி அதன்மேல் ஒரு போர்வையைப் போர்த்திவிட்டது. குளிர் இன்னும் ஒரு டிகிரி இறங்கியதும் போர்வை போதவில்லை.

அடுத்து ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றி ரீகண்டிஷன் செய்தார்கள். 250 வெள்ளி. ஒரு மாற்றமும் இல்லை.

பிறகு காப்பிக்கடையில் ஒருவர், இது பாமாயில் கலந்த டீசல், மலையில் உறைந்துவிடும் என்று சொல்லியிருக்கிறார். இந்தப் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது, அதனால் இதைச் சும்மா ஒதுக்க முடியாது. கலக்காத சுத்தமான செம்பனை பயோடீசல் ஏறக்குறைய 15 டிகிரியிலேயே மங்கலாகி மெழுகு கட்ட ஆரம்பிக்கும். ஆனால் எண்ணெய் நிலையத்தில் நாம் பிடிப்பதில் அது ஒரு சின்னப் பங்குதான், மீதி சாதாரண டீசல். அந்தக் கலவை 15 டிகிரியில் உறையாது. வேன்காரர் ஃபில்டரின் அடியைத் திறந்து கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பார்த்தார், தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தது. அதோடு அந்தச் சந்தேகத்தை விட்டார். சொல்வதைக் கேட்டு டேங்கைக் கழுவப் போகாமல் ஒரு டம்ளரில் பிடித்துப் பார்த்தாரே, இந்த நிகழ்வில் முதல் சரியான சோதனை அதுதான்.

நவம்பர் கடைசியில் இரண்டு வாரம் அவர் விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து வேனோடு மல்லுக்கட்டி எப்படியாவது ஸ்டார்ட் செய்து, பத்து நிமிஷம் ஓடவிட்டு அணைத்துவிட்டு, ஐந்தரைக்கு மறுபடி எடுத்திருக்கிறார். சூடு மிச்சமிருக்கும்போது பிடித்துவிடும். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை, புகையும் சத்தமும் தாங்காமல் அவர்கள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் சொன்னதும் நியாயம்தான்.

ஸ்பிரே

டிசம்பர் தொடக்கத்தில் யாரோ ஸ்டார்ட்டிங் ஸ்பிரே டப்பா ஒன்றைக் கொடுத்தார்கள். காற்று உறிஞ்சும் குழாயில் இரண்டு விநாடி அடித்துவிட்டுச் சாவியைத் திருப்பினால் இன்ஜின் வெடித்துக்கொண்டு எழுந்தது. வேன்காரருக்கு நிம்மதி. முதல் நாள் இரண்டு விநாடி, நான்காம் நாள் நான்கு விநாடி, ஒன்பதாம் நாள் உள்ளே சுத்தியலால் அடித்த மாதிரி ஒரு சத்தம் கேட்டு, அவர் மனைவி அடுப்படியிலிருந்து ஓடிவந்தார். அதோடு நிறுத்திவிட்டார்.

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். அந்த டப்பாவில் இருப்பது ஈதர். அது 200 டிகிரிக்குள்ளேயே தானாகப் பற்றிக்கொள்ளும். டீசலாக இருந்தால் பிஸ்டன் மேலே வரும் நேரம் பார்த்து இன்ஜெக்டர் பீய்ச்சும், அதுவரை சிலிண்டரில் காற்று மட்டும்தான். ஈதர் அப்படி இல்லை, காற்றோடு கலந்தே உள்ளே போய்விடும், பிஸ்டன் பாதி வழி ஏறும்போதே பற்றி அதை எதிர்த்து அடிக்கும். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் உடையலாம், ரிங் உட்காரும் மேடு விரியலாம், பிஸ்டனே விரிசல் விடலாம். குளோ பிளக் உள்ள இன்ஜினில் ஆபத்து இன்னும் அதிகம், உள்ளே சிவக்கச் சூடான ஒரு முனை காத்திருக்கும்போது ஈதரை அனுப்புகிறோம். உறிஞ்சு குழாயிலேயே தீப்பிடித்ததையும் நான் பார்த்திருக்கிறேன். குளோ பிளக் உள்ள வண்டியில் இதை அடிக்காதீர்கள், ஒரு நாள் அவசரம் என்றாலும் அடிக்காதீர்கள்.

அதற்கப்புறம் பட்டணத்துக்கு வெளியே ஒரு போர்மேனிடம் காட்டினார். அவர் குளோ பிளக்கைப் பார்க்காமல் விடவில்லை. ஒரு டெஸ்ட் லைட்டின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவில் மாட்டி, மறு முனையை நான்கு பிளக்கின் தலையிலும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். நான்கிலும் விளக்கு எரிந்தது. "பிளக் நாலும் நல்லா இருக்கு, டீசல் பம்புதான் போச்சு, ஈப்போவுக்கு அனுப்பணும், 1,800 வெள்ளி ஆகும்" என்றார். அந்தக் காசைக் கேட்டுத்தான், இன்னொரு ஆளிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்று டிசம்பர் கடைசி விடுமுறையில் என்னிடம் வந்தார்.

என் பட்டறையில் பார்த்தவை

பகலில் பார்ப்பதில் பிரயோசனம் இல்லை. வண்டியை ராத்திரி முழுக்கப் பட்டறை வாசலில் வெளியே விட்டுவிட்டுப் போகச் சொன்னேன். மறுநாள் ஐந்தரைக்கு இரண்டு பேரும் போனோம், தெர்மாமீட்டர் 15 டிகிரி காட்டியது.

சாவியை முதல் நிலைக்குத் திருப்பியதும் டேஷ்போர்டில் அந்தச் சுருள் கம்பி விளக்கு ஆரஞ்சு நிறத்தில் எரிந்து, எட்டு விநாடியில் அணைந்தது. அது சரியாக வேலை செய்தது என்பதுதான் இத்தனை நாளும் எல்லாரையும் ஏமாற்றியது. இந்தக் காலத்து வண்டி கணக்கு வேறு, ஆனால் இந்த வயசு வண்டியில் அந்த விளக்கு டைமரின் பேச்சைத்தான் கேட்கும். பிளக் உண்மையில் சூடானதா என்று அதற்குத் தெரியாது. நான்கு பிளக்கும் செத்திருந்தாலும் அதே எட்டு விநாடி எரிந்து அணையும்.

ஸ்டார்ட்டரை அடித்தோம். சுற்றும்போது பேட்டரி 10.3 வோல்ட்டில் நின்றது, ஆக பேட்டரியிலும் ஸ்டார்ட்டரிலும் குறையில்லை. பின்னால் வெள்ளைப் புகை கட்டிக் கட்டியாக வந்தது. வெள்ளைப் புகை என்றால் டீசல் சிலிண்டருக்குள் போகிறது, எரியாமல் ஆவியாக வெளியே வருகிறது. டீசலே போகாவிட்டால் புகையே வராது. அந்த ஒரு புகையைப் பார்த்ததும், பம்பைக் கழற்றும் யோசனையைத் தள்ளி வைக்கச் சொன்னேன்.

அடுத்து பிளக்குகளுக்குப் போகும் தடித்த ஒயரில், ஒயரைக் கவ்வி ஆம்பியர் அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டிச் சாவியைத் திருப்பச் சொன்னேன். இந்த வகைப் பிளக் ஒன்று ஆரம்பத்தில் 15, 20 ஆம்பியர் இழுக்கும், சூடேறினால் அதன் தடை கூடி 10 ஆம்பியர் அளவுக்கு இறங்கும். நான்கும் நன்றாக இருந்தால் ஆரம்பத்தில் 60க்கு மேல் காட்ட வேண்டும். மீட்டர் 17 காட்டி 11க்கு இறங்கியது. ஒரே ஒரு பிளக்தான் உயிரோடு இருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

அப்படியானால் அந்தப் போர்மேனுக்கு நான்கிலும் லைட் எப்படி எரிந்தது? நான்கு பிளக்கின் தலையையும் ஒரு உலோகப் பட்டை இணைக்கிறது, அதன் வழியாகத்தான் கரண்ட் எல்லாவற்றுக்கும் போகிறது. பட்டையைக் கழற்றாமல் எந்தப் பிளக்கில் வைத்தாலும், கரண்ட் பட்டை வழியாக ஓடி அந்த ஒரு நல்ல பிளக்கில் இறங்கி விளக்கை எரிய வைக்கும். செத்த மூன்றும் அதன் நிழலில் ஒளிந்துகொள்ளும். பட்டையைக் கழற்றிவிட்டு அதே டெஸ்ட் லைட்டை வைத்தோம். மூன்றாம் சிலிண்டரில் மட்டும் எரிந்தது, 1, 2, 4 மூன்றும் இருட்டு. பட்டையைப் பிடித்திருக்கும் நான்கு சின்ன நட்டுதான் இடையில் நின்றது, ஐந்து நிமிஷ வேலை. அந்தப் போர்மேனைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை, கீழ்நாட்டில் வேலை பழகியவர்களுக்கு இந்தப் பிளக்கைச் சோதிக்கும் அவசியமே பல வருஷம் வராது.

தெலுக் இந்தானில் ஓடிய வண்டி ரிங்லெட்டில் ஓடாதது ஏன்

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை இருபது மடங்குக்கு மேல் நெருக்கினால் அது தானே சூடாகும், அந்தச் சூட்டில் டீசல் பற்றிக்கொள்ளும். ஓடிச் சூடான இன்ஜினுக்கு அது தாராளம். ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடந்த இரும்புக்கு அப்படி இல்லை, ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றுகிறது, நெருக்கிய காற்று சூட்டைச் சுற்றியுள்ள சுவருக்குக் கொடுத்துவிடுகிறது, கொஞ்சம் காற்று ரிங் வழியாகவும் நழுவுகிறது. முன்னறை உள்ள இன்ஜினில் இது இரட்டிப்புக் கஷ்டம், அந்தச் சின்ன அறைக்குக் கொள்ளளவு குறைவு, சுவர் அதிகம், குறுகலான வாய் வழியாகக் காற்று உள்ளே நுழையும்போதே சூடு போய்விடும். 1909இல் புரோஸ்பர் லோராஞ்ச் இந்த முன்னறைக்குக் காப்புரிமை எடுத்த வழியில்தான் டீசல் இன்ஜின் சின்னதாகி வண்டியில் ஏறும் அளவுக்கு வந்தது, ஆனால் அந்த வடிவத்தோடு குளிர் ஸ்டார்ட் தொல்லையும் சேர்ந்தே வந்தது. பாஷ் கம்பெனி 1922இல் குளோ பிளக் செய்ய ஆரம்பித்தது.

குளோ பிளக் என்பது பேனா தடிமனில் ஒரு உலோகக் குச்சி. உள்ளே சூடேற்றும் சுருள் கம்பி, அதைச் சுற்றி மெக்னீசியம் ஆக்சைடு தூள் இறுக்கி அடைத்திருக்கும். முனை முன்னறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும், சில விநாடியில் 850 டிகிரிக்கு மேல் சிவந்துவிடும். இது முன்னறைக் காற்றையும் சூடாக்குகிறது, அதைவிட முக்கியமாக, டீசல் பீய்ச்சும்போது ஓரமாக உரசிப் போகும் துளிகள் அந்தச் சிவந்த முனையில் பற்றிக்கொள்கின்றன. ஒரு இடத்தில் பற்றினால் போதும், மீதி தானாக எரியும். இதை ஹீட்டர் பிளக் என்றும் சொல்கிறார்கள், அந்தப் பெயரே நல்ல பெயர்.

சரி, கீழே ஏன் தெரியவில்லை? ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். தெலுக் இந்தானில் விடிகாலை 24, 25 டிகிரி இருக்கும், இங்கே 15. வெளியே 10 டிகிரிதானே என்று தோன்றும். காற்றை இருபது மடங்கு நெருக்கும்போது அந்த 10 டிகிரி வித்தியாசம் உள்ளே போய் ஏறக்குறைய 25 டிகிரி ஆகிவிடும். மேலும் ரிங்லெட் கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல், காற்றழுத்தம் கீழே இருப்பதைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு, உறிஞ்சும் காற்றே குறைவு. வயசான ரிங், கொஞ்சம் தடித்த எண்ணெய், எல்லாம் சேர்ந்து பற்றும் எல்லையிலேயே நின்ற இன்ஜினை இந்தப் பக்கம் தள்ளிவிட்டன. மூன்று பிளக்கும் அனேகமாக செம்பனைத் தோட்டத்திலேயே செத்திருக்கும். அங்கே வெயிலே அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது.

நம் நாட்டில் குளோ பிளக் எதற்கு, அது பனி கொட்டும் ஊருக்குத்தானே என்று படித்த ஆட்களே என்னிடம் கேட்டிருக்கிறார்கள். டீசல் நேராகச் சிலிண்டரில் பாயும் புது வகை இன்ஜின் என்றால் பூச்சியம் டிகிரி வரை பிளக் இல்லாமலும் பெரும்பாலும் எழுந்துவிடும், அதற்கு அந்தப் பேச்சு ஓரளவு பொருந்தும். முன்னறை இன்ஜினுக்குப் பொருந்தாது. அதற்கு இந்த மலையின் சாதாரணக் காலையே போதும், 1978 பிப்ரவரி 1ஆம் தேதி கேமரன் மலையில் பதிவான 7.8 டிகிரி மாதிரி ஒரு காலை வேண்டியதில்லை.

பிளக் மாற்றியதும், அதில் நான் செய்த தவறும்

செத்த மூன்றோடு நல்ல ஒன்றையும் சேர்த்து நான்கையும் மாற்ற முடிவு செய்தேன். ஒரே வயசுப் பிளக், அதுவும் சீக்கிரம் போகும், நான்கும் ஒரே அளவு சூடானால்தான் இன்ஜின் உதறாமல் எழும்.

கழற்றுவதில் அவசரப்படவில்லை. பல வருஷம் இருந்த பிளக் கரியில் ஒட்டிக்கொண்டிருக்கும், முனை வீங்கியும் இருக்கலாம், முரட்டுத்தனமாகத் திருகினால் உடைந்து பாதி ஹெட்டுக்குள்ளேயே நின்றுவிடும், பிறகு ஹெட்டை இறக்க வேண்டியதுதான். இன்ஜினைச் சூடாக்கி, துரு விடுவிக்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவைத்து, மறுநாளும் சூடாக்கி, கால் சுற்று முன்னே கால் சுற்று பின்னே என்று ஆட்டி ஆட்டி எடுத்தேன். 10 மில்லிமீட்டர் மரை உள்ள பிளக், 35 நியூட்டன் மீட்டருக்கு மேல் இழுக்கக்கூடாது. நான்கும் முழுசாக வந்தன.

புது பிளக்கை ஒரு பழைய பிளக்கை மாதிரி காட்டிக் கடையில் வாங்கினேன், ஒன்று 35 வெள்ளி. மரை ஒன்றே, நீளம் ஒன்றே, தலை ஒன்றே. மாட்டினேன். மறுநாள் காலை விளக்கு அணையும் முன்னே, நாலே விநாடியில் சாவியைத் திருப்ப, அரைச் சுற்றில் இன்ஜின் பிடித்தது. வேன்காரர் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டார். எனக்கும் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் நான் ஒன்றை யோசிக்கவில்லை: இந்த வயசு வண்டியில் பிளக் இவ்வளவு வேகமாக ஏன் சூடாகிறது?

பள்ளி திறந்து ஒன்பது காலை நன்றாக ஓடியது. பத்தாம் காலை மறுபடி நொண்டி, மறுபடி வெள்ளைப் புகை. நாள்காட்டியில் மறுபடி ஒரு கோடு. அன்றைக்கு ஒரு பிள்ளைக்குப் பள்ளியில் பேச்சுப் போட்டி இருந்தது, போக முடியவில்லை என்று பிறகு தெரிந்தது. அதை நான் இன்னும் மறக்கவில்லை.

பட்டையைக் கழற்றிப் பார்த்தால் இரண்டு பிளக் செத்திருந்தது. வெளியே எடுத்தபோது ஒன்றின் முனை மொட்டு மாதிரி வீங்கி, துளையை உரசிக்கொண்டே வந்தது. இன்னும் சில நாள் ஓடியிருந்தால் அந்த முனை உடைந்து முன்னறைக்குள் விழுந்திருக்கும். உடம்பில் பொறித்திருந்த சின்ன எழுத்தை அப்போதுதான் கண்ணாடி வைத்துப் படித்தேன்: 6 வோல்ட். பழைய பிளக்கின் கரியைத் துடைத்துப் பார்த்தால் 11 வோல்ட்.

ஒரே வேன் மாடலிலேயே இரண்டு மூன்று வகை வந்திருக்கிறது. சிலவற்றில் குறைந்த வோல்ட் பிளக் இருக்கும், டைமர் அதற்கு முதலில் முழு 12 வோல்ட்டைக் கொடுத்து வேகமாகச் சூடாக்கிவிட்டு, உடனே ஒரு ரெசிஸ்டர் வழியாகக் குறைத்துவிடும். இந்த வேனில் அந்தக் குறைக்கும் ஏற்பாடு கிடையாது. 6 வோல்ட்டில் பிழைக்க வேண்டிய பிளக்குக்கு ஒவ்வொரு காலையும் இரண்டு மடங்கு கொடுத்து அதை நானே எரித்திருக்கிறேன். கடைக்காரர் மேல் குற்றமில்லை, அவர் மாதிரியைப் பார்த்துத்தான் கொடுத்தார். எழுத்தைப் படித்திருக்க வேண்டியது நான்.

அந்த நான்கு பிளக்கின் காசை வேன்காரரிடம் வாங்கவில்லை. ஈப்போவிலிருந்து 11 வோல்ட் பிளக் தருவித்து, மாட்டுவதற்கு முன் ஒவ்வொன்றையும் வைஸில் பிடித்து பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுத்துப் பார்த்தேன். நல்ல பிளக் நுனியிலிருந்து சிவக்க ஆரம்பித்துப் பின்னால் பரவும். நடுவில் முதலில் சிவந்தால் அதை மாட்டக்கூடாது. நான்கும் நுனியில் சிவந்தன. துளைகளைச் சுத்தம் செய்து 15 நியூட்டன் மீட்டரில் இறுக்கினேன், அதற்கு மேல் போகவில்லை.

பிளக் வெளியே இருந்தபோதே அந்தத் துளை வழியாகக் கம்ப்ரஷனும், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை நெருக்கும் அழுத்தத்தையும், அளந்தேன். 27, 26, 23, 27 பார். இந்த வகை இன்ஜினுக்கு 20 வரை ஓட்டலாம், ஒன்றுக்கொன்று 5 பாருக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. தப்பித்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் குறைந்திருப்பது மூன்றாம் சிலிண்டர். ஈதர் அடித்த ஒன்பது நாளும் சூடான பிளக் இருந்த ஒரே சிலிண்டர் அதுதான்.

அதன் பிறகு

கிளாம்ப் மீட்டர் ஆரம்பத்தில் 68 ஆம்பியர் காட்டி 42க்கு இறங்கியது. 15 டிகிரிக் காலையில் விளக்கு அணைந்ததும் சாவியைத் திருப்பினால் ஒரு சுற்று, சில நாள் ஒன்றரைச் சுற்று. புகை கொஞ்சம் வந்து உடனே நின்றுவிடுகிறது. 6 வோல்ட் பிளக் அளவுக்கு வேகம் இல்லை, இருக்கவும் கூடாது. 2025 ஜனவரி நடுவிலிருந்து அந்தச் சமையலறை நாள்காட்டியில் ஸ்டார்ட் ஆகாததற்காக ஒரு கோடும் விழவில்லை. மூன்று மணிக்கு எழுவதும் நின்றது.

பேட்டரி, ஸ்டார்ட்டர், ஸ்பிரே என்று அவருக்கு முதலில் போனது 600 வெள்ளிக்குக் கிட்டே. உண்மையில் தேவைப்பட்டது நான்கு பிளக்கும் என் கூலியும், 260 வெள்ளி.

இப்போது நான் மாற்றிச் செய்வது

காலையில் மட்டும் பிடிக்காத டீசல் வண்டி வந்தால் ராத்திரி வெளியே விட்டு, குளிர்ந்த இன்ஜினை நானே ஒரு முறை எடுத்துப் பார்க்காமல் எதையும் கழற்றுவதில்லை. எந்த நாள் மோசம், எந்த நாள் பரவாயில்லை என்று வண்டிக்காரரிடம் கேட்கிறேன், வீட்டில் இருப்பவர்களிடமும் கேட்கச் சொல்கிறேன். புகையின் நிறத்தைக் கேட்கிறேன். பட்டையைக் கழற்றாமல் குளோ பிளக்கைச் சோதிப்பதில்லை. சாதாரண மல்டிமீட்டரில் தடையை அளந்து நல்ல பிளக் இது என்று முடிவு கட்டுவதும் இல்லை, நல்ல பிளக்கின் தடையே ஒரு ஓம் அளவுதான், மீட்டர் ஒயரின் தடையே அதில் பாதியைத் தின்றுவிடும். முழுசாக அறுந்ததை அது காட்டும், பாதி செத்ததைக் காட்டாது. ஆம்பியரை அளப்பதுதான் நம்பிக்கை. புது பிளக் வாங்கும்போது பொறித்த வோல்ட்டைப் படித்து, பழையதில் உள்ளதோடு ஒப்பிட்டு, பில்லிலேயே எழுதி வாங்குகிறேன்.

கீழ்நாட்டிலிருந்து மலைக்கு வண்டி வாங்கி வருபவர்களிடம் ஒன்றே ஒன்று சொல்கிறேன். வாங்கப் போவது மத்தியானமாக இருந்தாலும் ஒரு டெஸ்ட் லைட்டும் 8 மில்லிமீட்டர் ஸ்பேனரும் கொண்டுபோங்கள், பட்டையைக் கழற்றி நான்கையும் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

மூன்றாம் சிலிண்டரின் 23 பாரை நான் சும்மா விடவில்லை. ஒவ்வொரு வருஷக் கடைசி விடுமுறையிலும் வேனை ஒரு நாள் என்னிடம் விடச் சொல்லியிருக்கிறேன், பிளக்கைக் கழற்றி மறுபடி அளக்க. 20க்குக் கீழே இறங்கினால் ஹெட்டைத் திறக்க வேண்டும், அதற்காக இப்போதிருந்தே மாதம் கொஞ்சம் எடுத்து வையுங்கள் என்று அவர் மனைவியிடம் சொன்னேன், நாள்காட்டியின் பின்பக்கத்தில் அதையும் எழுதி வைத்துக்கொண்டார்.